பேக்கப் பாய் கேட்ட அனுமதி

ஆம்பூரில் பிரியாணி வேண்டாம் என்று சொன்ன மனிதரைக்கூட நான் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பேக்கப் பாயிடம் போன அன்றே ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்து வாங்கி வந்த மனிதரை இதுவரை பார்த்ததில்லை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். பஜாரில் யாருக்கும் அது தெரியாது.

ஃபார்மேட் என்றால் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் துடைத்து எடுப்பது. மற்ற கடைகளில் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். பாய்க்கு அது ஆபரேஷன். முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல், அதாவது பேக்கப், எடுப்பார். எடுத்ததை நம்ப மாட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துப் பன்னிரண்டு ஃபைல்களைத் திறந்து பார்ப்பார். பிறகு நகல் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மூடி, நம் மடியில் வைத்துவிடுவார்.

"இன்னாத்துக்கு பாய் இது?"

"வயர்ல மாட்டி இருந்தாதானே சார் கை தப்பாப் போவும்? உங்க மடியில இருக்கறத நான் எப்படி அழிப்பேன்?"

ஒரு தடவை ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் ஞாபகமில்லாமல் அந்த டப்பாவோடு கேண்டீனுக்குப் போய், எல்லோர் நடுவிலும் திறந்துவிட்டார். "வூட்ல சண்டையா?" என்று ஆளுக்கு ஒரு கை சோறு கொடுத்தார்களாம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாயின் இன்னொரு சட்டம்தான் பேஜார். கம்ப்யூட்டருக்குள் யார் யார் பெயர் இருக்கிறதோ, அத்தனை பேரும் அழிக்கலாம் என்று வாயால் சொல்ல வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து ஒரு குடும்பம் இதற்காகவே ஏழு பேராக பஸ் ஏறி வந்தது. மருமகள் அழி என்றால் மாமியார் கூடாது என்றார். மாமியார் அழி என்றால் மருமகள் கூடாது என்றாள். சாயங்காலம் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு, பழசைத் தொடாமலே ஏழு பேரும் ஊர் திரும்பினார்கள்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் சிரித்துவிட்டு அவரிடம் போனவன்தான் நானும். என் வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கார்த்தி பெங்களூரில். "தனியா இருக்காதப்பா, என்கூட வந்துடு" என்று அவன் வற்புறுத்தியதும், "என் சாவுக்கு வந்தா போதும்" என்று நான் கத்தியதும் நடந்து அப்போது கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. வீட்டில் மனிதக் குரல் கேட்கட்டும் என்று டி.வி.யை ஓட விட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பேன்.

கம்ப்யூட்டர் நகர மறுத்தது. அதன் டிஸ்க் இரண்டு டிரைவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. என்னுடைய பகுதி நிரம்பி வழிந்தது. இன்னொன்றுக்குக் கார்த்தி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தன் பெயரை வைத்திருந்தான். அதை நான் ஒருநாளும் திறந்ததில்லை, அடுத்தவர் பீரோவைத் திறக்காத மாதிரி. "அத அழிச்சிட்டு ரெண்டையும் ஒண்ணாக்கிடுங்க பாய்" என்றேன். கொஞ்சம் கோபமும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

பாய் திரையை உற்றுப் பார்த்தார்.

"யாரு சார் கார்த்தி?"

"பையன்."

"ஃபோன் போடுங்க."

"நேத்தே கேட்டுட்டேன். அழிச்சிடச் சொல்லிட்டான்."

"அப்ப இன்னொரு தபா சொல்லட்டும். நான் காதால கேக்கணும்."

"உங்க சட்டத்த நீங்களே வெச்சிக்குங்க" என்று சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே கார்த்தி யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைக்காரர் அவன் பெயர் மேல் அம்புக்குறியை வைத்து, "தட்டிடலாமா சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடியும் சி.பி.யு.வைச் சுமந்துகொண்டு பாயிடமே வந்தேன். அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

ஃபோன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அப்பா? உடம்புக்கு இன்னா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர்ல உன் டிரைவ அழிக்கலாமான்னு பாய் கேக்கறாரு."

"அதுல ஒண்ணுமே இல்லியேப்பா. காலேஜுக்குப் போம்போதே எல்லாத்தையும் எடுத்துட்டேன். இத கேக்கவா கூப்ட்ட?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லடா" என்று வந்துவிட்டது. கடைக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால், அறுபது தாண்டிய ஆள் அழுதுகொண்டு நின்றேன்.

"ஞாயித்துக்கெழம வர்றேன்ப்பா" என்றான் கார்த்தி.

ஃபோனை வைத்ததும் பாயைப் பிடித்துக்கொண்டேன். "காலி டிரைவுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"மொதல்லயே பாத்துட்டேன் சார்."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ பேஜாரு?"

"காலிதான். பேரு இருக்குதே."

"சரி, இப்பவாவது அழிங்க."

"எப்படி அழிக்கறது? உங்க பையன் வர்றேன்னுதான் சொன்னாரு. அழிக்கலாம்னு சொல்லலியே!" என்று சி.பி.யு.வை மூடி ஓரமாக வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலைவிட்டு இறங்கிய கார்த்தியை வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போகவில்லை. பையும் கையுமாக நேரே பஜாருக்கு இழுத்துப் போனேன். "இதுக்கு இன்னாப்பா இவ்ளோ அவசரம்?" என்றான். டிஸ்க்குக்கு ஒரு அவசரமும் இல்லை. என் பிள்ளை வந்துவிட்டான் என்று போய்ச் சொல்ல, இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே மனிதர் பாய்தான்.