வாம்பயரில் வந்த மணப்பெண்

கொழும்பில் கலியாண மண்டபம் சோடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். மணப்பெண்ணை யுத்த விமானத்தில் ஏற்றிய ஒரே மனிதர் எங்கள் ஜெட் அண்ணைதான்! கொட்டாஞ்சேனையில் பட்டறை. சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ தெரியாது. தோரணம் வாங்கப் போனாலும், முதற்கால ஜெட் விமானங்களைப் பற்றி அரை மணித்தியாலம் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

என் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, அவள் படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். "சக்கர நாற்காலியில சபைக்குள்ள வரமாட்டன்" என்று ஒரே அழுகை. ஜெட் அண்ணையிடம் ஓடினேன்.

"பிள்ளையை அழவேண்டாமெண்டு சொல்லு. தள்ளிக்கொண்டு போகச் சில்லுப் பூட்டி அன்ன வாகனம் செய்து தாறன்."

கலியாணத்தன்று வெள்ளவத்தை மண்டப வாசலில் லொறியிலிருந்து இறங்கியது, அன்னத்தின் கழுத்து வைத்த ஒரு பிளேன்!

"அண்ணை, அன்னத்துக்கு ஏன் ரெண்டு வால்?"

"அந்தக் காலத்து ஜெட் எஞ்சினுக்குப் பலம் காணாதடா. புகை போற குழாய் நீண்டா இருக்கிற பலமும் போயிடும். அதாலதான் குழாயைக் கட்டையாக்கி, வாலை ரெண்டாப் பிரிச்சவங்கள். ஆள் இருக்கிற கூடும் இதைப் போலப் பலகைதான்."

"இதில எஞ்சின் எங்க?"

"நான்தான்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாலுக்கும் நடுவே புகுந்தார்.

"உதுக்குப் பேர் என்ன தம்பி?" என்று அம்மா அவரைக் கேட்டா.

"வாம்பயர், அம்மா. அந்தக் காலத்து யுத்த பிளேன்."

மாப்பிள்ளையின் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். குடித்த சோடா அவருக்கு மூக்கால் வந்தது. "ஐயோ, அது ரத்தம் குடிக்கிற பேயெல்லோ!"

முகூர்த்தம் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லை. தங்கச்சியைத் தூக்கி உள்ளே இருத்தினோம். வாசலைத் தாண்டும்போது அன்னத்தின் கழுத்து கதவு நிலையில் இடித்து, படாரென்று முறிந்து விழுந்தது. அபசகுனமென்று யாராவது வாய் திறந்தால் எல்லாம் முடிந்தது. தங்கச்சியின் கண் கலங்கத் தொடங்கியது.

"பாரம் குறைஞ்சிட்டுது! இனித்தான் பிளேன் சரியாப் போகும்!" என்று பின்னாலிருந்து ஜெட் அண்ணை கத்தினார்.

முதலில் சிரித்தவள் தங்கச்சி. பிறகு சபையே சிரித்தது. பெரியப்பாவும்தான். நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊதினார்.

கம்பளம் மடிந்திருந்த இடமெல்லாம் அந்த மனுசன் தனியாக வாலைத் தூக்கிப் பிடித்து, ஒரு குலுக்கல் இல்லாமல் மணவறை வரை தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. மூச்சு வாங்க அவள் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, கால் நொந்ததோ?"

"இல்லை அண்ணை, துப்பரவா இல்லை."

அதைக் கேட்ட பிறகுதான் அங்கேயே நிலத்தில் குந்தினார். அவரைப் பிளேன் பைத்தியம் பிடித்த விசரன் என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.