வால்வுப் பெட்டியை ஒழித்த கதை

இந்தக் குளிர்காலத்தோடு, பாட்டுக் கேட்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒழித்துக்கட்டுவது என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டில் தீர்மானிப்பவன் நான்தான். நடப்பது வேறு.

கல்யாணமான புதிதில் வாங்கியது. கன்றுக்குட்டி கனம். அடுப்பு மாதிரிச் சுடும். அடிக்கடி உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வு ஒன்று மண்டையைப் போடும். மாற்று வால்வு தேடி எங்கள் ப்ளோவ்டிவ் நகரத்துப் பழைய சாமான் சந்தை முழுக்க நான் நொண்டுவேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அப்படியும் பூச்சாடி வைத்த மாதிரி ஒரு வெள்ளை வட்டம். அதற்காக ராட்காவோடு சண்டை. ராட்கா என் மனைவி.

கீழ்வீட்டு கிரீல் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்தான். வைத்துக் கேள், பிடித்தால் எடுத்துக்கொள் என்றான். சோப்பு டப்பா அளவு. தொட்டால் ஜில்லென்று இருந்தது. பாட்டைக் கேட்டால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதை வெளியே சொல்ல முடியுமா? இசைத்தட்டுச் சங்கத்தில் என் காதைப் பற்றி நானே நிறையப் பேசி வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் தயிர் தண்ணீராக இருந்தது. பால் சரியில்லை என்றாள் ராட்கா. பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இந்தப் புதுசுல பாட்டு உயிரே இல்லாம இருக்கே."

என்ன பாட்டு ஓடினாலும் காதில் வாங்காமல் சுட்ட குடமிளகாய்க்குத் தோல் உரிப்பவள் இவள்.

"உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்ன தெரியும். ஊருக்கே பெரிய காது உங்களுதுதானே. கண்ணைக் கட்டிக்கிட்டு கேட்டுச் சொல்லுங்களேன்."

மானப் பிரச்சினை. கிரீல் வந்து இரண்டையும் ஒரே ஸ்விட்சில் இணைத்துவிட்டுப் போனான். அவளுடைய கம்பளிச் சால்வையைக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்விட்ச் ராட்காவின் பொறுப்பு. டக் என்று சத்தம். பாட்டு. மறுபடி டக். பாட்டு. இதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். பழசு என்றாள். திரும்ப வைக்கச் சொன்னேன். திரும்பவும் நான் பிடித்தது பழசு. எத்தனை தடவை வைத்தாலும் பழசு.

"கிரீலுக்கெல்லாம் இப்படி ஒரு காது வருமா?" என்றாள்.

சோப்பு டப்பா அன்றே கீழே போனது. காது உள்ளவனுக்குத்தான் தெரியும் என்று கிரீலிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

மறுநாள் காலையில் தயிர் வெட்டி எடுக்கலாம் போல் கெட்டி. சந்தேகப்பட்டுக் கூடத்துக்குப் போனேன். வால்வுப் பெட்டியில் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. அதன் தலையில், துண்டு சுற்றிய ஒரு ஜாடி. சரியாக வெள்ளை வட்டத்தின் மேல்.

"இது என்ன?"

"மதியத்துக்குத் தயிர்." அவள் திரும்பக்கூட இல்லை. "அந்தப் புதுசு சூடே ஆக மாட்டேங்குது. பால் எப்படி உறையும்?"

"அப்ப நேத்து நான் கேட்டது?"

"புதுசுதான். நான் ஸ்விட்சைத் தொடவே இல்ல. பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த டக் டக்?"

"கரண்டி."

கிரீலிடம் போய் இதைச் சொல்லவா முடியும்? சனிக்கிழமை சங்கத்தில் வால்வு ஒலியின் மேன்மை பற்றி நான் பேச வேண்டுமாம். ஏற்பாடு அவன்தான்.

இன்று காலை ஒரு வால்வு போய்விட்டது. சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் திரும்ப வேண்டுமாம். ராட்கா பால் காய்ச்சிவிட்டாள்.