ஐந்தாம் நம்பருக்கு ஆள் கிடைக்கவில்லை

எட்டு வருடம் கிரிக்கெட் ஆடி, ஒரு பந்தைக்கூடச் சந்திக்காத ஒரே பேட்ஸ்மேன் உலகத்திலேயே எங்கள் செலக்டர் மாமாதான். மறுப்பவர்கள் திருப்பாதிரிப்புலியூருக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

மாமாவின் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் மேனேஜர். 2004-ல் எங்கள் டென்னிஸ் பால் டீமை ஆரம்பித்து, தன்னை ஐந்தாம் நம்பரில் போட்டுக்கொண்டார். ஆறு ஓவர் ஆட்டத்தில் ஐந்தாம் நம்பர் என்றால் பந்து பொறுக்குகிறவர் என்று அர்த்தம். தேவனாம்பட்டினத்து ஏழுமலை ஓப்பனராக இறங்கி விளாசினால் ஓவரே தீர்ந்துவிடும். தப்பித்தவறி விக்கெட் விழுந்து மாமாவின் முறை வந்தாலும் பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்.

"ஒனக்குக் கை துறுதுறுங்குது. நீ போ மாப்ள."

ஏழுமலைக்குச் சேத்தியாத்தோப்பில் கல்யாணம் நடந்தபோதும் அதே வரிசைதான். ஓப்பனர்களை முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, மாமா மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தார். அதற்குள் பாயசம் காலி.

"என்னா மாமா, பாயசம் வரலியா?"

"நீங்க அவுட்டே ஆவல. எனக்கு எங்கேருந்து சான்ஸு?" என்று மோரை ஊற்றிக்கொண்டார்.

2012-ல் டிவிக்காரர்கள் எல்லாரும் ஆல் டைம் கிரேட் டீம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு டோர்னமெண்ட். அங்கே கட்டுவதற்கு எங்கள் டீமின் ஆல் டைம் லெவனை ஃப்ளெக்ஸ் அடிக்க முடிவு செய்தார். ஓப்பனர் இடத்துக்கு மொத்த டீமும் முட்டி மோதியது. மிடில் ஆர்டர் என்றதும் ஒருத்தனைக் காணோம். திட்டக்குடிக்குக் குடிபோன பழைய ஆட்டக்காரர் போனிலேயே கதறினார்.

"அஞ்சாவதா என் போட்டோவ போட்டு, மச்சான் பாத்துட்டா மானம் போயிரும் மாமா!"

மாமா அசரவில்லை. டீக்கடையில் இன்டர்வியூ வைத்தார். கேள்வி ஒன்றே ஒன்று.

"ஏழுமல தூக்கி அடிச்சிட்டான். பந்துக்குக் கீழ ஆளு நிக்கிறான். அடுத்து நீதான் எறங்கணும். ஒம் மனசு என்னா சொல்லும்?"

"சிக்ஸ் போவணும்னு சொல்லும் மாமா" என்றவர்களை எல்லாம், "பொய்யி, எந்திரி" என்று விரட்டினார். நாலாம் இடத்துக்கு, ஆட்டத்தின் நடுவே தூங்கிவிடும் டெய்லரை எடுத்தார். தூங்குகிறவன் யாரையும் சபிக்க மாட்டானாம். அடுத்து நான்.

"கேட்ச்சப் புடிடான்னு சொல்லும் மாமா."

"உண்மையச் சொன்னதுக்காக ஒனக்கு ஆறாவது. ஆனா டெம்பரவரி."

ஐந்தாம் இடத்துக்குக் கடைசிவரை ஆள் தேறவில்லை. ஏழுமலை சிக்ஸ் அடிக்கும்போதெல்லாம் விரலை வாயில் வைத்து விசிலடித்தவர் மாமா ஒருவர்தான் என்று எங்களுக்குத் தெரியும். ஐந்தாவது நீங்களேதான் என்று சொன்னோம். கோபம் வந்துவிட்டது.

"செலக்டரே தன்னைய எடுத்துக்கிட்டா ஊரு சிரிக்கும்டா. காலியா வுடு."

ஃப்ளெக்ஸ் கடைக்கு நானும் ஏழுமலையும் போனோம். மாமா விசிலடிக்கும் போட்டோ ஒன்று என் செல்லில் இருந்தது. ஐந்தாம் இடத்தில் அதைப் போட்டுவிட்டோம். சிதம்பரத்தில் அதைப் பார்த்த மாமா எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து, தளர்ந்திருந்த ஒரு மூலையை அவரே இழுத்துக் கட்டினார்.

அன்றைக்குப் பார்த்து ஏழுமலை முதல் பந்திலேயே போல்டு. மளமளவென்று மூன்று விக்கெட் போய்விட்டது. மாமா வழக்கம்போல் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தார். இந்தத் தடவை அது நான்.

"ஒனக்குக் கை துறுதுறுங்குது..."

"ஃப்ளெக்ஸ்ல அஞ்சாவது நீங்கதான் மாமா. போங்க."

போனார். எட்டு வருடத்தில் வந்த முதல் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். பந்து வானத்துக்குப் போனது. கீழே ஆள் நின்றான். அடுத்து இறங்க வேண்டியவன் நான்.

"வுட்ர்றா! டேய், வுட்ர்றா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பாவி பிடித்துவிட்டான்.

மாமா சிரித்துக்கொண்டே வந்து மட்டையை என் கையில் கொடுத்தார்.

"கேட்டுச்சு மாப்ள. இன்னியோட நீ பர்மனெண்ட்."

இத்தனை வருடம் நான் ஏங்கிய பேட்டிங் அது. நடந்து போகையில், மாமா இன்னும் ஒரு பந்து ஆடியிருக்கலாமே என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.