ஜன்னல் இல்லாத அறைக்குத் திரைச்சீலை

என் மனைவியின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன். அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பாற்றுவது என்றும் முடிவு செய்தேன்.

விஷயம் இதுதான். அவளுக்கு மனசு பாரமாக இருக்கிறதாம். வாரம் ஒரு முறை போனில் முகம் பார்த்துப் பேச மனநல ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலர் அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டாளாம். நான் டி.வி.யில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னாள். மூன்று தடவை சொன்ன பிறகுதான் என் காதில் ஏறியது என்கிறாள். அபாண்டம். இரண்டாவது தடவையே ஏறிவிட்டது.

பாரமாவது! நான் திரைச்சீலைக் கடையில் விற்பனையாளன். துணிச் சுருளைத் தோளில் தூக்கித் தூக்கியே ஒரு பக்கம் சாய்ந்துபோனவன். பாரம் எது என்று எனக்கா தெரியாது? முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வீட்டுக் கதையைச் சொல்வார்களாம். அவள் "ம்... ம்..." என்பாளாம். உடனே பாரம் இறங்கிவிடுமாம். "ம்" போடத்தான் வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேனே. கல்யாணமான நாளிலிருந்து வேறு என்ன செய்கிறேன்?

"அப்படி என்ன பேசப் போறே?" என்று கேட்டேன்.

"மனசுல இருக்கறத."

"என்னைப் பத்தியா?"

"உங்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேச என்னங்க இருக்கு?"

இந்தப் பதிலில் நிம்மதியும் இல்லை, மரியாதையும் இல்லை. போதாக்குறைக்குக் கடையில் கேஷியர் ஒரு கதை சொன்னான். அவன் கொழுந்தியாள் இப்படித்தான் யாரோ ஒரு அம்மாவிடம் பேச ஆரம்பித்தாளாம். நாலு வாரம்கூட ஆகவில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அந்தக் கேஷியர் சில்லறையைக்கூடச் சரியாக எண்ணாதவன். ஆனாலும் முன்ஜாக்கிரதை நல்லது. மறுநாளே அவளுடைய பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பழைய துணிச் சுருள்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அடுத்தது, அவள் என்ன பேசுகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். யாரும் கேட்க முடியாத, வசதியான ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசச் சொல்லியிருக்கிறாராம் கவுன்சிலர் அம்மா. படுக்கையறையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள் இவள். நான் விடவில்லை. உனக்கென்று தனியாக ஓர் அறையே தயார் செய்து தருகிறேன் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

எங்கள் வீட்டு நடுவில் சாமான்கள் போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. அதன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. பழைய வெந்நீர்க் குழாய் போன ஓட்டை அந்தச் சுவரில் அப்படியே இருக்கிறது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தால் ஓட்டை சரியாக என் காதுக்கு நேரே வரும்.

சாமான்களைக் காலி செய்தேன். சாய்வு நாற்காலி போட்டேன். பூப்போட்ட குஷன், மஞ்சள் வெளிச்சம் தரும் விளக்கு, தண்ணீர் வைக்க ஒரு முக்காலி. கதவுக்குக் கீழே சத்தம் கசியாமலிருக்கத் துணி சுருட்டிச் செருகினேன். கடைசியாக, ஓட்டையை மறைத்து ஒரு திரைச்சீலை. கனமான துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்பது என் தொழில் ரகசியம். அதனால் கடையிலேயே மெல்லியதாக, கொசுவலைக்குத் தங்கை மாதிரி இருந்ததைத் தேடிப் பிடித்தேன்.

"ஜன்னலே இல்லாத சுவத்துக்குத் திரை எதுக்குங்க?" என்றாள்.

"மனசுக்கு இதமா இருக்கும்."

அவள் என்னையே சற்று நேரம் பார்த்தாள். கண் கலங்கியதைப் போலக்கூட இருந்தது. அன்பில் கரைந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எனக்குக் கடை விடுமுறை. அவள் அறைக்குள் போனாள். நான் குளிக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு வாளியில் அமர்ந்தேன். கவுன்சிலரின் குரல் கேட்கவில்லை. காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறாள் போலும். பரவாயில்லை, இவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவர் நல்லவர்தான் மேடம்."

எனக்கு நெஞ்சு விம்மியது. அடுத்து ஓர் "ஆனா" வந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறேனாம். குடித்த டம்ளரை அங்கங்கே வைத்து எறும்புகளைக் குடிவைக்கிறேனாம். என் அம்மா போன் செய்தால் இவள் கையில் திணித்துவிட்டு நழுவுகிறேனாம். முகம் தெரியாத ஒருத்தி முன்னால் என் மானம் கப்பலேறியது.

விடுவேனா? அடுத்த வாரம் அவளுக்குச் சொல்லவே ஒன்றும் இருக்கக் கூடாது என்று சபதம் எடுத்தேன். துண்டு கொடிக்குப் போனது. டம்ளர்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டன. அம்மாவிடம் நானே பேசினேன், காது சூடாகும்வரை. ஆனால் அடுத்த சனிக்கிழமை புதிதாக வேறு குறைகள் வந்தன. அவற்றையும் ஒழித்தேன். அதற்கடுத்த வாரம் குரலைத் தாழ்த்தி, "மறுபடி மருந்துக்கடை வேலைக்குப் போகணும்னு ஆசை மேடம். இவர் அப்புறம் பாக்கலாம்பார்" என்றாள்.

மறுநாள் காலை, எனக்கே திடீரென்று உதித்த மாதிரி, "நீ ஏன் மறுபடியும் வேலைக்குப் போகக் கூடாது?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எப்படிங்க இது தோணுச்சு?" என்று வாயில் கை வைத்தாள்.

"ஒரு புருஷனுக்கு இதுகூடவா தெரியாது?"

அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கவுன்சிலர் அம்மாவுக்குப் பேர், உழைப்பு என்னுடையது. இந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. எதிர்வீட்டு போட்டோ ஸ்டுடியோக்காரரை வாசலில் மடக்கி, மனைவிக்காக நான் அமைத்த அறையைப் பற்றி விலாவாரியாக அளந்தேன். எல்லோரையும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் பிழைப்பவர், தான் சிரிக்காமல் கேட்டார்.

"அப்புறம் ஏன் சார் புதன்கிழமை புதன்கிழமை எங்க மாடி ரூமுக்கு வந்து பேசறாங்க? அந்த ரூம்ல சிக்னலே வராதுன்னு சொன்னாங்களே."

ஓடிப்போய்ப் போனைச் சின்ன அறைக்குள் தூக்கிப் பிடித்தேன். குனிந்து பார்த்தேன். முக்காலி மேல் ஏறிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. நாற்காலி பார்த்தேன், விளக்கு பார்த்தேன், குஷனுக்குப் பூ பார்த்தேன். சிக்னல் பார்க்கவில்லை.

அப்படியானால் சனிக்கிழமைகளில் அவள் யாரிடம் பேசினாள்?

கோபம் தலைக்கு ஏறியது. கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டுவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். பாதி வழியில்தான் புத்தி வந்தது. ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொள்ளாமல் இதை எப்படிக் கேட்பது? இப்படி ஒரு திருடனை எந்தப் போலீஸும் பார்த்திருக்காது. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை வந்ததும் குளிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன்.

குளியலறையில் வாளி ஏற்கெனவே கவிழ்ந்திருந்தது. அதன் மேல் அந்தப் பூப்போட்ட குஷன்.

உட்கார்ந்தேன். மெத்தென்றுதான் இருந்தது.

"திரை ரொம்ப மெல்லிசு மேடம்" என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து. "அவர் மூச்சு விட்டா ஆடுது. ஜன்னல் இல்லாத ரூம்ல காத்து எங்கிருந்து வரும்? எதிர்ல உக்காந்து நான் பேசினா அவருக்கு ஒரு வார்த்தை ஏறாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்தா ஒரு எழுத்து விடமாட்டார்."

திரை ஆடக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு மேடம். நான் பாக்கலைன்னு நெனச்சு என் பெட்டியைக் கொண்டுபோய்க் கடையில ஒளிச்சு வெச்சிருக்கார். நான் எங்கயும் போகல. திங்கட்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்துடச் சொல்லுங்க. சரியா?"

"ம்" என்றேன்.