மாப்பிள்ளை, என் புகழை நானே பாடிய விவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக இருபத்தாறு வருடங்களாக உங்கள் அறிவுரைகளை அனுபவித்துவரும் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்காவும் நானும், என் இடது முழங்கை நீங்கலாக, நலம். அங்கு தங்கள் நலத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. தாங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எழுந்ததும் வாழ்க்கையிடம் என்ன பாடம் கற்றீர்கள் என்பதையெல்லாம் உத்தியோகம் பார்ப்பவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ளும் அந்த இணையத்தளத்தில் நாள்தோறும் படித்து வருகிறேன். இதை நான் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், காகிதத்தில் எவனும் வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட முடியாது என்பதுதான்.

எல்லாம் தங்கள் தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. எங்கள் லிஃப்ட் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கி, பழைய ஆட்கள் எல்லோரும் அவரவர் பார்த்துவந்த வேலைக்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பி, முப்பத்தோரு வருடம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவனை 'உங்களைப் பற்றிச் சிறு குறிப்பு' கேட்ட வாரம் அது. "அத்தான், உங்களைப் பத்தி நீங்களே சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?" என்றீர்கள். "நான் ரிப்பேர் பண்ணின லிஃப்ட் சொல்லும்" என்றேன். "லிஃப்ட் உங்களுக்கு வேலை போட்டுத் தராது அத்தான். கூச்சத்தை விடுங்க. கூச்சங்கிறது ஒருவகை கர்வம்" என்றீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை எங்கே பிடித்தீர்கள் என்று தெரியவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று கேட்ட உங்கள் அக்கா அன்றிலிருந்து இன்றுவரை அதை என்மேல் பதினான்கு முறை பிரயோகித்துவிட்டாள். நான் உப்பு குறைவு என்று சொல்லாமல் சாப்பிட்டதற்குக்கூட.

அதோடு நிற்காமல் அந்தத் தளத்தில் என் பெயரில் ஒரு கணக்கும் திறந்துவிட்டீர்கள். முதலில் படம். கையைக் கட்டிக்கொண்டு, லேசாகச் சாய்ந்து, நம்பிக்கையோடு சிரிக்க வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட்டபடி, எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் கதவில் சாய்ந்து நின்றேன். முப்பத்தோரு வருடமாக 'கதவில் சாயாதீர்கள்' என்ற பலகையை ஊரெல்லாம் திருகி மாட்டியவன் நான். உங்கள் அக்கா, "சிரிங்க, இன்னும் கொஞ்சம், பல்லு தெரிய வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் வந்து நின்றது, கதவு திறந்தது, நான் உள்ளே விழுந்தேன். இரண்டாவது மாடி தையல்காரம்மா கையில் வைத்திருந்த துணி மூட்டைமேல் தலை விழுந்ததால் தலை தப்பியது, முழங்கைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. "ஏங்க, லிஃப்ட்காரரே விழலாமா?" என்று அந்தம்மா கேட்டது படத்தில் பதிவாகவில்லை. விழுவதற்கு ஒரு நொடி முன் எடுத்த படம்தான் இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறது. அதில் என் முகத்தில் தெரிவது நம்பிக்கை அல்ல, பின்னால் எதுவும் இல்லை என்ற அறிவு.

அப்புறம் பெயருக்குக் கீழே ஒரு வரி. நான் 'லிஃப்ட் மெக்கானிக்' என்று போட்டிருந்தேன். தாங்கள் அதை அழித்துவிட்டு, 'செங்குத்துப் போக்குவரத்துத் தீர்வுகளில் தீராத வேட்கை கொண்ட வழிகாட்டி' என்று போட்டீர்கள். மறுநாள் காலை என் பெரியம்மா மகன் போன் செய்து, "ஏன்டா, வேலை போயிடுச்சாமே? என்னமோ தீராத வேட்கைன்னு வேற போட்டிருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டார். இதற்குமேல் 'தாங்கள்', 'நீங்கள்' எல்லாம் எழுதக் கை வலிக்கிறது மாப்பிள்ளை. இனி நீ என்றே வைத்துக்கொள்கிறேன்.

உள்ளே போய்ப் பார்த்தால், அடடா! ஒருத்தன் படிக்கட்டுல தடுக்கி விழுந்திருக்கான், எழுந்ததும் தலைமைப் பண்பைப் பத்தி அந்தப் படிக்கட்டு அவனுக்குக் கத்துக்கொடுத்த ஏழு பாடத்தை வரிசையா எழுதியிருக்கான். ஒருத்தி வேலைக்கு எடுத்தவங்களுக்கும் கண்ணீரோட நன்றி சொல்றா, வேலையை விட்டுத் தூக்கினவங்களுக்கும் கண்ணீரோட நன்றி சொல்றா, ஆக மொத்தம் கண்ணீர் நிக்கவே இல்ல. 'பணிவோடு பெருமைப்படுகிறேன்'னு நூறு பேர். பணிவுன்னா தலை குனியணும், பெருமைன்னா நிமிரணும், ரெண்டையும் ஒரே நேரத்துல பண்ணினா கழுத்து சுளுக்கிக்காதா? இதுல எல்லாரும் எல்லாரையும் 'ஊக்கமளிக்கிறது சார்'னு வேற சொல்லிக்கிறாங்க. எவனுக்கு எங்க ஊக்கம் வந்தது, வந்த ஊக்கத்தை வச்சு என்ன பண்ணினான்னு யாரும் கேக்கறதில்ல.

எங்க மேற்பார்வையாளரை உனக்குத் தெரியாது. சட்டையில கிரீஸ் பட்டதே கிடையாதுங்கிறதால நாங்க அவனுக்கு வச்ச பேரு 'பளிச்'. அவன் அங்க பெரிய ஆள். ஒரு துணிக்கடை லிஃப்டுல மோட்டார் மாத்தின அன்னிக்கு எடுத்த படத்தைப் போட்டு, 'என் கைகளால் இன்னொரு உயிர்பெற்ற லிஃப்ட்'னு எழுதியிருந்தான். ஆயிரத்து இருநூறு பேர் கைதட்டியிருக்காங்க. அந்தப் படத்தோட இடது ஓரத்துல ஒரு கால் தெரியும். அது என்னோட கால். மிச்ச உடம்பு மோட்டாருக்கு அடியில இருந்துச்சு. உன் அக்கா அந்தப் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, "சாக்ஸ்ல ஓட்டை, ஊரே பாத்திருக்கு"ன்னு என்னைத்தான் திட்டினா.

நானும் எழுதினேன், இல்லேன்னு சொல்லல. 'செவ்வாய்க்கிழமை நூலகக் கட்டடத்து லிஃப்டில் கம்பிவடம் மாற்றப்பட்டது. லிஃப்ட் ஓடுகிறது.' அவ்வளவுதான். இதுல பொய் ஒண்ணும் இல்ல, பாடமும் இல்ல. மூணு பேர் லைக் போட்டாங்க. நீ, உன் அக்கா, கம்பிவடம் விக்கிற ஒருத்தர். நீ உடனே போன் பண்ணி, "அத்தான், இது பதிவு இல்ல, மரண அறிவிப்பு மாதிரி இருக்கு. உங்க பயணத்தைச் சொல்லுங்க"ன்னே. லிஃப்ட்காரனுக்கு என்னடா பயணம்? மேல போனேன், கீழ வந்தேன்.

இனிமேதான் விஷயம். சிரிக்காம படி.

நாலு மாடி எலும்பு மருத்துவமனை ஒண்ணு எங்க பராமரிப்புல இருக்கு. அங்க வர்றவங்க எல்லாம் முட்டி தேஞ்சவங்க, இடுப்பு உடைஞ்சவங்க, கம்பு ஊன்றி நடக்கிறவங்க. மாடிப்படி அவங்களுக்கு இல்ல, லிஃப்ட்தான். போன மாசம் பார்க்கப் போனேன். மூணாவது மாடியில நிறுத்தினா ரெண்டு விரக்கடை கீழ போய் நிக்குது. மேல மோட்டார் அறைக்குப் போய் பிரேக்கைத் திறந்து பார்த்தேன். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற லைனிங் பட்டை அப்பளமாத் தேஞ்சிருக்கு. லிஃப்டை நிறுத்தி, 'ஓடாது' பலகை மாட்டி, பராமரிப்புப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் போன்ல படம் எடுத்துக்கிட்டு வந்தேன். மறுநாள் பளிச் போயிருக்கான். பலகையைக் கழட்டி, சுவிட்சைப் போட்டு, அதுக்கு முன்னாடி நின்னு படம் எடுத்து, 'ஒரே நாளில் சேவை மீட்பு! முடியாது என்ற சொல் எங்கள் அகராதியில் இல்லை'ன்னு போட்டுட்டான். போன் பண்ணினேன். "அந்த லைனிங் மாத்தினியா?"ன்னேன். "அண்ணே, ஏன் எப்பவும் எதிர்மறையாவே பேசறீங்க? ஆர்டர் போட்டாச்சு, பத்து நாள்ல வந்துரும். அதுவரைக்கும் ஓடும்"னான். "பத்து நாள் வரைக்கும் ஓடும்னு லிஃப்ட் உன்கிட்ட சொல்லிச்சா?"ன்னேன். வச்சுட்டான். தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணினா பாட்டுப் போட்டாங்க, பாட்டு முடிஞ்சதும் எண் ஒண்ணை அழுத்தச் சொன்னாங்க, அழுத்தினா வேற பாட்டு. மருத்துவமனைக்கு அடிச்சா வரவேற்புல ஒரு பொண்ணு, "உங்க மேற்பார்வையாளர் இப்பதான் சார் சரி பண்ணிட்டுப் போனார், நீங்க யாரு?"ன்னு கேட்டா.

நீங்க யாரு! மாப்பிள்ளை, முப்பத்தோரு வருஷத்துல அந்தக் கேள்விக்கு நான் பதில் தயார் பண்ணி வைக்கல.

சாப்பாட்டு மேஜையில உக்காந்து, அவன் பதிவுக்கு அடியிலயே எழுத ஆரம்பிச்சேன். 'பிரேக் சோதிக்கப்பட்டது. லைனிங் தேய்ந்திருப்பது கண்டறியப்பட்டது'ன்னு எழுதி உன் அக்காகிட்ட காட்டினேன். அவ கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சா.

"சோதிக்கப்பட்டதுன்னா, யாரால?"

"என்னாலதான்."

"கண்டறியப்பட்டது?"

"அதுவும் என்னாலதான்."

"அப்ப அதை எழுதறதுக்கு என்ன? யாரு சொல்றான்னே தெரியாம எவன் லிஃப்டை நிறுத்துவான்?"

"நானே என்னைப் பத்தி எப்படிம்மா..."

"உங்க கூச்சத்துக்கு அங்க யாரோ கால் உடைஞ்சவங்க விழணுமா?"

அவ சாதாரணமாத்தான் கேட்டா. 'நான்'னு எழுதி அழிச்சேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழிச்சேன். நாலாவது தடவை அவ போனைப் புடுங்கி, 'நான்' அப்படின்னு அடிச்சு என் கையில குடுத்துட்டா. அதுக்கப்புறம் தானா வந்துச்சு. 'நான் முப்பத்தோரு வருட லிஃப்ட் மெக்கானிக். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட பிரேக் மாற்றியிருக்கிறேன். நான் பார்த்து ஓட்டிய எந்த லிஃப்டிலும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இந்த லிஃப்டை நிறுத்தியவன் நான். நான் சொல்கிறேன், இதில் ஏறாதீர்கள்.' கூடவே பராமரிப்புப் புத்தகத்துப் பக்கத்தோட படத்தையும் போட்டேன். துணியில்லாம சந்தையில நிக்கற மாதிரி இருந்துச்சு.

மத்தியானத்துக்குள்ள அந்த வரவேற்புப் பொண்ணு அதைப் பார்த்து டாக்டரம்மாகிட்ட காட்டியிருக்கா. அந்தம்மா லிஃப்டை நிறுத்தி, பூட்டுப் போட்டு, கீழ வண்டி நிறுத்தற இடத்துல நாற்காலி போட்டு உக்காந்து நோயாளிங்களைப் பார்த்திருக்காங்க. மறுநாள் வேற கம்பெனி ஆளைக் கூட்டிவந்து திறந்து பார்த்தாங்களாம். லைனிங் முழுசாப் போய், அதைப் பிடிச்சிருந்த ஆணித்தலை சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பிச்சிருக்கு. "இன்னும் ரெண்டு நாள் தாங்கியிருந்தா அதிசயம்"னு அந்தாள் சொன்னதா டாக்டரம்மா என்கிட்ட போன்ல சொன்னாங்க.

எங்க புது மேலாளரம்மா என்னைக் கூப்பிட்டாங்க. வேலை போச்சுன்னு முடிவு பண்ணிட்டு, நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். "பொதுவெளியில கம்பெனியை அசிங்கப்படுத்தலாமா? முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"ன்னாங்க. மருத்துவமனையில கேட்டு வாங்கிட்டுப் போயிருந்த பராமரிப்புப் புத்தகத்தை எடுத்து வச்சேன். "இதை யாருங்க படிப்பா?"ன்னாங்க. "படிக்கத்தாங்க உங்களுக்கு மேஜை போட்டிருக்கு"ன்னேன். உக்காந்து முப்பது பக்கமும் படிச்சாங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து, 'மாற்றப்பட்டது, மாற்றப்பட்டது'ன்னு. "இதெல்லாம் யாரு மாத்தினது?"ன்னு கேட்டாங்க. அன்னிக்குத்தான் என் வாழ்க்கையில ரெண்டாவது தடவையா 'நான்'னேன். முதல் தடவை அளவுக்கு வலிக்கல. இப்ப நான் தலைமைச் சோதனையாளர். பளிச்சை வேலையை விட்டு அனுப்பல, விளம்பரப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. நல்ல முடிவுதான், இனிமே அவன் எந்த லிஃப்டையும் தொடமாட்டான். தொடாதவன் என்ன பண்ணினான் தெரியுமா? 'எங்கள் குழுவின் விழிப்புணர்வால் ஒரு விபத்து தவிர்க்கப்பட்டது. பணிவோடு பெருமைப்படுகிறேன்'னு போட்டுட்டான். அதுக்கும் ரெண்டாயிரம் பேர்! என்னை இதுவரைக்கும் ஏறெடுத்துப் பார்க்காதவனெல்லாம் 'அண்ணன் எனக்கு ஊக்கம்'னு எழுதறான். ஸ்டோர் கீப்பர், ஒரு நட்டு கேட்டா ஒன்பது கையெழுத்து வாங்குற மகராசன், 'இவரோடு தோளோடு தோள் நின்ற நாட்கள்'னு ஆரம்பிச்சிருக்கான். தோளா? ஸ்டோர் ஜன்னல் கம்பி வலைக்கு அந்தப் பக்கம்டா நீ நின்னே!

ஆகையினால் மாப்பிள்ளை, நான் முடிவு செய்துவிட்டேன். ஒரு லிஃப்டுக்காக ஒரு தடவை வாய் திறந்தேன், அது போதும். அந்தக் கூத்துக் கொட்டகையில் எனக்கு இனி வேலையில்லை. கணக்கை இன்றோடு மூடுகிறேன். இதுபற்றி இனி என்னிடம் பேச வேண்டாம். 'தனித்தன்மை', 'பயணம்', 'அடையாளம்' போன்ற சொற்களை என் வீட்டு வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவும்.

உன் பிள்ளைகள் இருவரும் படித்து, ஒருவரையும் ஊக்கப்படுத்தாமல், நிம்மதியாக வாழ என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பும், உன்னைச் சகித்துக்கொள்வதற்கு என் அனுதாபமும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக் (இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது),
உன் அத்தான்

பி.கு.: கணக்கை மூடலாமென்று உள்ளே போனேன். வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் ஒரு அம்மா, பிரேக் லைனிங்கின் கனத்தை எப்படி அளப்பது என்று கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் சொல்லிவிட்டு வெளியே வரத்தான் நினைத்தேன், ஆனால் விஷயம் ஆழமானது, நான்கு பகுதிகளாகப் போட வேண்டியதாயிற்று. முதல் பகுதியை எண்ணூற்று நாற்பத்தேழு பேர் பார்த்திருக்கிறார்கள், மூன்றாம் பகுதியில் நான் கையைக் கட்டாமல் நிற்கும் படமும் இருக்கிறது. நீ இதுவரை ஒன்றுக்குக்கூட லைக் போடவில்லை. உன் அக்காவும் கவனித்துவிட்டாள். என்ன கோபம் உனக்கு?