திவாலாவதற்கு முன்பணம்

"கையில ஏழாயிரம் இல்லாம திவாலாக முடியாது, கேட்டீரா?" என்றார் வக்கீல் குமாஸ்தா சத்தியதாஸ்.

ஏழாயிரம் இருந்தால் செல்வின் ஏன் கோர்ட்டுக்கு வருகிறான்? மலையாள ஊரான கழக்கூட்டத்தில் தள்ளுவண்டிக் கடை போட்டு, ஐ.டி. பிள்ளைகளுக்குத் தோசை சுட்டுப் பிழைத்தவன். பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. கடைக்காக வாங்கிய குழுக் கடன் மூன்று, மொத்தம் ஒன்றே முக்கால் லட்சம். ஒன்றாம் தேதி வண்டியைத் தூக்கிவிடுவேன் என்று வசூல்காரன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வண்டி போனால் அடுத்த வேளைச் சோறு போச்சு. திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் ஒருவனும் வாசலுக்கு வரமாட்டான் என்று யாரோ சொன்னதை நம்பி வந்திருந்தான்.

"கடன் பாஸ்புக்கு எல்லாம் கொண்டாரவா சார்?"

"அது பிறகு மதி, இப்ப வேண்டாம். முதல்ல ஃபீஸ்."

வீட்டில் அவன் மனைவி ஜெபமலர், "நானும் கூட வரட்டா?" என்றாள்.

"பொம்பளைக்குக் கோர்ட்டுல என்ன சோலி? ஆம்பள நான் இருக்கேம்லா."

பரோட்டா மாஸ்டர் நேசையனிடம் ஏழாயிரம் கைமாற்று வாங்கிக் கட்டினான். சத்தியதாஸ் கடன் கொடுத்தவர்களின் பட்டியலை எழுத உட்கார்ந்தார்.

"ஏழாயிரம் ஆரு தந்தது?"

"நேசையன். நேத்துதான் சார் குடுத்தான்!"

"நேத்து தந்தாலும் கடன் கடனாக்கும். அவன் பேரும் வேணும். ஆளுக்கு நோட்டீஸ் செலவு ஐந்நூறு. நாலு பேருக்கு ரெண்டாயிரம்."

அந்த இரண்டாயிரத்தைக் காய்கறிக்கடை நயினாரிடம் வாங்கினான். நயினாரும் பட்டியலில் ஏறினார். அவருக்கான ஐந்நூறை வீட்டுக்காரரிடம் வாங்கினான். அவரும் ஏறினார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் மாதிரி அது நீண்டுகொண்டே போயிற்று.

நோட்டீஸ் சமாசாரம் நேசையன் காதுக்கு எட்டியது. தெருவே கேட்க வந்து நின்றான்.

"லே செல்வின்! எங்கிட்ட வாங்கின துட்டுல எனக்கே நோட்டீஸாலே?"

செல்வின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த முறை போனபோது சத்தியதாஸ், "பேப்பர்ல பரஸ்யம் போடணும். ஒம்பதாயிரம்," என்றார். பரஸ்யம் என்றால் விளம்பரம் என்று அவரே விளக்கமும் சொன்னார்.

இனிக் கடன் கேட்க ஆளில்லை. அடுப்பு, சிலிண்டர், தோசைக்கல் மூன்றையும் விற்றான். வண்டியைக் காப்பாற்றக் கிளம்பியவனிடம் வண்டி மட்டும்தான் மிச்சம்.

ஜெபமலர் அழுதாள். "ஒரு தடவ நான் வந்து பேசிப் பாக்கட்டுமாங்க?"

"நீ சும்மா கெட."

மறுநாள் ஒன்பதாயிரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோர்ட் வாசலில் டீ குடித்தான். எதிரே பெரிய பலகை ஒன்று தொங்கியது. மூன்று வாரமாக அதன் அடியில்தான் போய் வருகிறான். மலையாளம் பேசுவானே தவிர வாசிக்கத் தெரியாது.

"அது என்ன போர்டு அண்ணாச்சி?"

"ஏழைகளுக்குச் சட்ட உதவி. ஃப்ரீ," என்றார் டீக்கடைக்காரர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினான்.

உள்ளே மேஜையில் வலியசாலை சீதாலக்ஷ்மி மாமி இருந்தாள். ரிட்டயர் ஆனபின் தொண்டுக்காக வருகிறவள்.

"வருமான சர்டிபிகேட் இருக்கா?"

"இல்ல மாமி."

"வில்லேஜ் ஆபீஸ்ல வாங்கிண்டு வரணும். பாஸ்புக்காவது இருக்கோ?"

இருந்தது. மூன்று வாரமாக யாரும் கேட்காத பையைப் பிரித்து நீட்டினான். மாமி மூன்றையும் இரண்டு தடவை புரட்டினாள்.

"ஜெபமலர் யாரு?"

"வீட்டுக்காரி. குழுவுல பொம்பளைங்களுக்குத்தான குடுப்பாங்க? செவ்வாக்கெழம கூட்டத்துக்குப் போயிக் கட்டுறதும் அவதான். பேருதான் அவ பேரு மாமி. கடன் என் கடன்."

"ஜாமீன் கையெழுத்து ஏதாவது போட்டேளா?"

"நானா? ஃபோட்டோ எடுக்கையில அவ பக்கத்துல நின்னேன். அம்புட்டுதான்."

மாமி கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவளைன்னா அழைச்சிண்டு வந்திருக்கணும்? பொம்மனாட்டிகளுக்கு வருமான சர்டிபிகேட்டே வேண்டாம், எல்லாம் இலவசம்."

"அப்ப நான்?"

பையிலிருந்த, சத்தியதாஸ் எழுதிய பட்டியலில் முதல் மூன்று குழுக் கடன்களையும் மாமி பேனாவால் அடித்தாள். மிச்சப் பெயர்களை விரலால் எண்ணிவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் கடனே இல்லியே! திவாலாறதுக்குன்னு இந்த மூணு வாரத்துல வாங்கினதுதான் ஒங்க கடன்."