சிஸ்டர் சாமிதுரை

பண்ணைத் தெரு,
குடவாசல் வழி.
1972, ஆடிக் கடைசி.

அன்பு மகள் அம்சத்துக்கு,

அப்பா சாமிதுரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா காத்தாயியும் சிவலைக் கன்றும் நலம். உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எனக்கு இப்போது ஆவல் இல்லை, கோபம்தான் இருக்கிறது. ஆகவே அந்த வரியை உன் அம்மா சொன்னதாக வைத்துக்கொள். காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடச் சொல்லி அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். போட மாட்டேன், நான் கொள்கைக்காரன். வேண்டுமானால் நீ அங்கே ஒன்று போட்டுக்கொண்டு மேலே படி.

கல்யாண விசயமாக நீ அனுப்பிய இரண்டாவது கடிதமும், போட்டோவும், அந்தப் பையன் வரைந்த இங்கிலாந்துப் படமும் வந்து சேர்ந்தன. கல்யாணத்துக்கு நான் எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அப்பா சாதி பார்த்தார், நிறம் பார்த்தார் என்று நீ டெர்பி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அழக்கூடாது. கலப்பு மணத்துக்கு மேடை போட்டு மைக் பிடித்துப் பேசியவன் நான். வெள்ளைக்காரனை வேண்டுமானாலும் கட்டிக்கொள். ஆனால் 'கல்யாணம் ஆனதும் நான் அம்சம் சாமிதுரை இல்லை அப்பா, அம்சம் நீடாம் ஆகிவிடுவேன், இங்கே அதுதான் வழக்கம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் என் பதில். முடியாது. முடியவே முடியாது.

இந்தப் பேர் வாசல்படி ஏறிய நாளிலிருந்து இந்த வீட்டில் நடந்ததைக் கேள். உன் முதல் கடிதம் வந்தபோது நான் வாய்க்கால் மடையில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். அந்த நீல ஏர்மெயிலை எந்தப் பக்கம் பிரிப்பது என்று உன் அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் கதிர் அரிவாளை எடுத்தாள், கீரைக்கட்டை அறுப்பதுபோல ஒரே இழுப்பு. நடுவில் நாலு வரி துண்டாகிப் பறந்து கன்றுக்குட்டி வாயில் போய்விட்டது. மிச்சத்தில் தெரிந்தது இவ்வளவுதான்: 'ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார், நல்லவர், குடிப்பதில்லை, பேர் ஆலன்', அப்புறம் கன்றுக்குட்டி தின்ற இடம், அப்புறம் 'நீடாம்', அப்புறம் 'உங்கள் சம்மதம் வேண்டும்'. நீயே நியாயம் சொல். குடவாசல் தாலுகாவில் பிறந்தவனிடம் 'ஆலன்', 'நீடாம்' என்று இரண்டு சொல்லைக் காட்டினால் அவன் என்ன படிப்பான்? ஆலங்குடி, நீடாமங்கலம் வழி என்றுதானே படிப்பான்? "பாரேன், மறக்காம வெலாசமே எழுதிட்டா எம் பொண்ணு" என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளே குடவாசலில் பஸ் ஏறி, வலங்கைமானில் மாறி, ஆலங்குடியில் இறங்கி, நம் சனங்கள் இருக்கும் தெருவைக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். "சீமையில ஆம்புலன்ஸ் ஓட்டுற புள்ள வீடு எதுங்க?" என்று உன் அம்மா ஒரு பெரியவரைக் கேட்டாள். அவருக்குக் காது மந்தம். "சேலத்துலதானே? நம்ம ஞானாம்பா மவன். அந்தா, பூவரசு நிக்கிற வீடு" என்று கையைக் காட்டிவிட்டார். அந்த ஞானாம்பாளுக்கு உண்மையிலேயே சேலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டும் மகன் இருந்தால் நான் என்ன செய்ய முடியும்? "எம் பொண்ணு நர்சுங்க" என்றாள் உன் அம்மா. "எம் புள்ள ஆம்புலன்சுங்க" என்றாள் அவள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். "அப்ப ஆஸ்பத்திரியிலதான் பழக்கமாயிருக்கும். திருட்டுப் பய, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே!" என்று ஞானாம்பாள் மூக்கைச் சிந்தினாள். காப்பி வந்தது, இட்லி வந்தது, பக்கத்து வீட்டார் வந்தார்கள், வெற்றிலை பாக்கும் மாற்றிக்கொண்டோம். சேலத்து ஆம்புலன்ஸ் எப்படி இங்கிலாந்து நர்சைப் பார்த்திருக்கும் என்று நான் உட்பட ஒருத்தரும் யோசிக்கவில்லை. இட்லி அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வாரமே உன் இரண்டாவது கடிதம் போட்டோவோடு வந்தது. உன் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஞானாம்பா மவன் ஏன் இப்படி வெளுத்துப் போயிட்டான்? சேலத்துல சோறு தண்ணி சரியில்லயா?" என்றாள். நான் விளங்கச் சொல்லி முடிப்பதற்குள், வாசலில் அசல் ஞானாம்பாள் மகனே புதுச் சட்டையும் கையில் கதம்பமுமாக வந்து நிற்கிறான். நீ ஊரில் இல்லாததுகூட அவனுக்குத் தெரியாது. உட்கார வைத்துச் சோறு போட்டு விசயத்தைச் சொன்னேன். நீ அனுப்பிய போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தான். "நானுந்தானேங்க ஆம்புலன்சு ஓட்டுறேன்" என்றான். கதம்பத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனான். ஞானாம்பாள் இன்றைக்கும் பஸ்ஸில் வருகிறவர்களிடம் எல்லாம் என்னைத் திட்டிச் சொல்லி அனுப்புகிறாள்.

அது போகட்டும், பேருக்கு வருகிறேன். நீடாம் என்பது சாதிப் பட்டமா என்று நான் கேட்பேன் என்று தெரிந்துகொண்டு, இல்லை அப்பா, ஊர்ப்பேர் என்று நீளமாக விளக்கியிருக்கிறாய். நார்போக் சில்லாவில் ஒரு நீடாம், சபோக்கில் ஆற்றங்கரையில் சந்தை கூடும் நீடாம் ஒன்று, கேம்பிரிட்ஜ் பக்கம் ஒன்று, உங்கள் டெர்பிசயர் மேட்டில் மேல் நீடாம் என்று இன்னொன்று. பேர்க்காரர்கள் மட்டும் டெர்பிசயரில்தான் மொய்த்துக் கிடக்கிறார்கள் என்கிறாய். சொந்த ஊரில் இருக்கும்வரை ஊர்ப்பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, அடுத்த ஊருக்குப் பிழைக்கப் போனவனைத்தான் நீடாம்காரன் என்று கூப்பிட்டார்கள், அது அவன் வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பையனும் ஊர் ஊராகச் சிவப்புப் புள்ளி வைத்துப் படம் போட்டிருக்கிறான். படம் அழகாகத்தான் இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளை உள்ள ஊர்கள் என்று நினைத்து உன் அம்மா அதைச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

ஆனால் பொருளையும் நீயேதானே எழுதியிருக்கிறாய்? பழைய இங்கிலீசில் முன்பாதி இல்லாமை, பின்பாதி வீடு. இல்லாதப்பட்டவர்கள் குடியிருப்பு! அடிப் பெண்ணே, அதைத் தேடிக்கொண்டு நீ ஏரோப்ளேன் ஏற வேண்டுமா? அதில்தானே பிறந்தாய், அதிலிருந்து வெளியேறத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்? சரி, தமிழிலாவது நல்ல பொருள் வருமா என்று படிப்பகத்துக்கு வரும் தமிழய்யா இளையபெருமாளைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தமிழ்ல பாத்தாலும் சரியில்ல சாமிதுரை. நீடான்னா நீடிக்காததுன்னு ஆயிடும்" என்றார். இங்கிலீசில் பார்த்தால் தரித்திரம், தமிழில் பார்த்தால் அற்பாயுசு. பேருக்குப் பின்னால் இருந்த வாலை எல்லாம் வெட்டி எறிந்த இயக்கத்தில் இருந்துகொண்டு, இப்படி ஒரு வாலை என் மகள் ஒட்டிக்கொள்ள நான் சம்மதிப்பேனா?

இனி கேலி இல்லாமல் ஒன்று சொல்கிறேன். உன் தாத்தாவுக்கு வைத்த பேர் அரசப்பன். அரசன் எப்படிப் பண்ணையில் ஏர் ஓட்டுவான் என்று அவரை 'அரையா' என்று கூப்பிட்டார்கள். எனக்கு வைத்த பேர் சாமிதுரை. மிராசுதார் வீட்டு நாக்கில் துரை என்ற சொல் ஏறவில்லை, துரை என்றால் அது அவர்கள் வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஆகவே 'சாமாண்டி'. பண்ணைக் கணக்கிலும் சாமாண்டி, ஓட்டர் லிஸ்டிலும் சாமாண்டி. அப்புறம் நீ கடல் தாண்டிப் போனாய். பேருக்குப் பின்னால் என்ன என்று அங்கே கேட்டார்கள். உன்னிடம் ஒரு 'சா' என்ற இனிஷியலைத் தவிர ஒன்றும் இல்லை, அதை விரித்து என் பேரை முழுசாக எழுதிக் கொடுத்தாய். அன்றிலிருந்து பெரிய டாக்டர் வார்டுக்குள் வந்தால் 'சிஸ்டர் சாமிதுரை' என்றுதான் கூப்பிடுகிறார் என்று எழுதினாய். அந்த வரியைப் படிப்பகத்தில் எழுந்து நின்று உரக்கப் படித்தேன். இங்கே ஒரு வாயிலும் முழுசாக வராத பேர், அங்கே துரைமார் வாயில் நாளெல்லாம் வருகிறது. இருமலுக்கும் சாமிதுரை, ஊசிக்கும் சாமிதுரை. நீ இப்போது அதை அழித்துவிட்டு நீடாம் என்று எழுதப் போகிறாய். கோபம் என்று மேலே எழுதியது பாதிதான் உண்மை மகளே. மீதி அழுகை.

இந்த நேரத்தில் பட்டா வேறு. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று நம் ஆட்சி சட்டம் போட்டுவிட்டது. வருகிற புதன்கிழமை ரெவினியூ அதிகாரி தெருவுக்கே வந்து பேர் எழுதப் போகிறார். மிராசுதார் நடராசனுடைய காரியக்காரர் நேற்று வந்து, "சாமாண்டி, பண்ணைக் கணக்குல உள்ள பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். கூப்புட்டா வந்து வாங்கிக்க" என்றார். "எம் பேரு சாமிதுரைங்க" என்றேன். "அப்படி ஒருத்தன் இந்தத் தெருவுலயே கெடையாதே. நான் அதச் சொல்லிட்டா மனையும் போயிடும், பாத்துக்க" என்று சிரித்தார். சாமாண்டி பேரில் வருகிற மனையில் நான் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நீ வெக்காட்டி போ, நான் ரெண்டு காலையும் வெப்பேன். மனை வந்தா மானம் பின்னாலயே வரும்" என்கிறாள் உன் அம்மா. அவள் செங்கொடிச் சங்கத்துக்காரி, அவளோடு பேசி என்னால் ஆகாது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அந்தப் பையனுக்குப் பின்னால் ஒரு பேர் இல்லாமல் தூக்கம் வராது என்றால் என் பேரைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளட்டும். ஆலன் சாமிதுரை. சொல்லிப் பார், எடுப்பாகத்தானே இருக்கிறது? அதற்கு அவன் சம்மதிக்காவிட்டால் நீ சா. அம்சமாகவே இரு. இதில் மாற்றம் இல்லை. சட்டசபையே கூடிச் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

அவனுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆசி இப்போது இல்லை, பேர் முடிவான பிறகுதான். உன் அம்மா கன்னத்தில் முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். பனியில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீயும் உன் இனிஷியலும் நூறாண்டு சேர்ந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு, ஒருக்காலும் மனம் மாறாத உன் அப்பா,
சாமிதுரை
(சாமாண்டி அல்ல)

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்கி ஒட்டுவதற்குள் புதன்கிழமை வந்துவிட்டது. அதிகாரி வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். "சாமாண்டி" என்று கூப்பிட்டார். நான் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். உன் அம்மா முழங்கையால் விலாவில் இடித்தாள், அப்போதும் அசையவில்லை. "ஆளு இல்லீங்க, அடிச்சுடுங்க" என்றார் காரியக்காரர். அதிகாரி பேனாவை எடுக்கும்போது, தபால்காரர் சேக் தாவூது வழக்கம்போல வாய்க்கால் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, "சாமிதுரை! சீமைத் தபால்!" என்று சத்தம் போட்டார். "இந்தா வர்றேன்!" என்று எழுந்துவிட்டேன். அதிகாரி தபால்காரரைக் கூப்பிட்டு, "இவரு யாருய்யா?" என்று கேட்டார். "சாமிதுரைங்க. நர்சுப் பொண்ணு போனதுலேந்து மாசாமாசம் இந்தப் பேரத்தான் கூப்புடுறேன். கூப்புட்டா இவருதாங்க வர்றாரு, வேற யாரும் வந்ததில்ல" என்றார் அவர். அதிகாரி சாமாண்டியை அடித்துவிட்டு என் பேரை எழுதினார். எழுதிய காகிதத்தைக் காரியக்காரர் பக்கம் தள்ளி, "பண்ணை சார்புல நீங்கதானே சாட்சி? பேர நல்லா வாய்விட்டுப் படிங்க" என்றார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமி..." என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "துரை" என்றார். தெருவே கேட்டது அம்சம்.

அதோடு முடியவில்லை. ஊர்ப்பேரை 'நடராசன் பண்ணைக் குடியிருப்பு' என்றே எழுதட்டுமா என்று அதிகாரி கேட்டதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எங்கள் கொடிக்காரர்கள் ஒரு தலைவர் பேரைச் சொன்னார்கள், அம்மாவின் கொடிக்காரர்கள் வேறொரு தலைவர் பேரைச் சொன்னார்கள், துண்டுகள் இடுப்பில் இறுகின. அதிகாரி பேனாவை மூடப் போனார். உன் அம்மா வீட்டுக்குள் ஓடி, சுவரில் ஒட்டிய படத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். "இந்தப் பேர எழுதுங்கய்யா. நீடாம். இல்லாதப்பட்டவங்க வீடுன்னு அர்த்தமாம். நாங்க இல்லாதப்பட்டவங்க, இது எங்க வீடு, வேற என்ன வேணும்?" என்றாள். அதிகாரிக்குத் தமிழ்ப்பற்று அதிகம். "நீடாமா? நீடு, அகம். நீடகம்! நெலச்சு நிக்கிற வீடு. அசல் தமிழ்ப்பேரும்மா இது" என்று பூரித்துப்போய் நீடாம் என்றே எழுதிவிட்டார். எந்தத் தலைவர் பேரும் இல்லாததால் இரண்டு கட்சியும் கை தட்டியது. இளையபெருமாள் ஐயா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நீடாம் என்றே எழுதிக்கொள். ஊரைவிட்டுப் போனவளுக்கு ஊர்ப்பேர் ஒட்டிக்கொள்வதுதானே அங்கே வழக்கம்? நீ எடுத்துக்கொள்வது உன் ஊர்ப்பேர். அவன்தான் இத்தனை நாளும் நம் ஊர்ப்பேரைப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான், அதற்கு நான் அவனை ஒன்றும் கேட்கப்போவதில்லை. என் பேர் இங்கேயே ஊன்றிவிட்டது, அங்கே யாரும் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டாம். என் ஆசி அவனுக்கும் உண்டு. அன்றைக்கு வந்த உன் மூன்றாவது கடிதத்தை இன்னும் படிக்கவில்லை, பிரிப்பதற்கு உன் அம்மா அரிவாளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பையனிடம் சொல்லி, அவன் படத்தில் குடவாசல் தாலுகாவிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கச் சொல். காகிதத்தில் இடம் இல்லை என்பான். ஒட்டி நீட்டச் சொல்.